மூச்சு விடாமல் காயாது

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "பேச அரை மணி நேரம் தர்றோம். உங்க வேலையைப் பத்திப் பேசுங்க. ஆனா போரடிக்கக் கூடாது" என்றார். என் வேலையோ காய வைப்பது. மிளகாய், கொப்பரை, ஏலக்காய், திராட்சை, முருங்கை இலை என்று கையில் கிடைத்ததையெல்லாம் சூடான காற்றில் காய வைப்பதிலேயே முப்பது வருடங்களுக்கு மேல் ஓட்டிவிட்டேன். இதைப் பற்றிப் போரடிக்காமல் பேசுவது ஈர விறகை எரிய வைப்பது மாதிரி. முயன்று பார்க்கிறேன்.

ஹாஸ்டலில் காய்ந்த ஜீன்ஸ்

விடுதியில் இருந்தவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். ஐப்பசி மழையில் ஜீன்ஸ் துவைத்தால் மூன்று நாளானாலும் காயாது. என் அறைத் தோழன் ஒரு யோசனை செய்தான். மெஸ்ஸில் வேலை செய்தவரிடம் கெஞ்சி ஒரு கரி அடுப்பு வாங்கி வந்தான். கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, "சூடு வெளியே போகாம இருந்தா சீக்கிரம் காயும்டா" என்றான். இரவு முழுவதும் அறை வெந்தது. நாங்கள் வராந்தாவில் படுத்துத் தப்பித்தோம். மூடிய அறையில் கரி அடுப்பு உயிருக்கே ஆபத்து என்பது அன்று எங்களுக்குத் தெரியாது. மாணவர்கள் தயவுசெய்து செய்து பார்க்க வேண்டாம். காலையில் கதவைத் திறந்தால் சுவரெல்லாம் தண்ணீர் வழிகிறது. ஜீன்ஸ் சூடாக இருந்தது, ஆனால் காயவில்லை. அதோடு, பக்கத்தில் போக முடியாத ஒரு நாற்றம் வேறு.

அன்றைக்குச் சிரித்தோம். அந்த ஜீன்ஸ் சொன்ன பாடத்தை நான் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர். அந்தக் கதையைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன். இதுவரை மேடையில் எங்கும் சொன்னதில்லை.

1992, ஏலமலை

படிப்பு முடிந்து நான்கு வருடம் கழித்து, சிறு தொழில்களுக்கு எரிபொருள் சிக்கன ஆலோசனை சொல்லும் ஒரு வேலையில் இருந்தேன். 1992 அக்டோபரில் என்னைப் போடிநாயக்கனூர் பக்கம் அனுப்பினார்கள். மலை ஏறினால் ஏலத் தோட்டங்கள். தோட்டம் கேரளத்தில், தோட்டக்காரர் தேனிப் பக்கம் என்பது அங்கே சர்வ சாதாரணம். விளைந்த காய் கடைசியில் ஏலத்துக்குப் போடிக்கோ வண்டன்மேட்டுக்கோ வந்து சேரும்.

ஏலக்காயைப் பச்சையாக விற்க முடியாது. பறித்த அன்றே கழுவி, 'ஸ்டோர்' என்று அவர்கள் சொல்லும் கட்டடத்தில் வைத்துக் காய வைக்க வேண்டும். கல்சுவர், ஒரு பக்கம் வெளியிலிருந்து விறகு போடும் அடுப்பு. அடுப்பின் புகை தகரக் குழாய் வழியாகத் தரையை ஒட்டி அறை முழுக்கச் சுற்றிப் புகைபோக்கியில் வெளியேறும். குழாயின் சூட்டில் காற்று மேலே எழும்பி, அடுக்கடுக்காக இருக்கும் கம்பி வலைத் தட்டுகளின் ஊடே போய்க் கூரைக்குக் கீழே உள்ள காற்றுத் திறப்புகள் வழியாக வெளியே போகும். காயில் புகை படாது, சூடு மட்டும் படும். 45 முதல் 55 டிகிரிக்குள் வைத்துப் பொறுமையாகக் காய்ச்சினால் ஒரு நாளுக்கு மேல் ஆகும். பச்சை நிறம் மாறாமல் வந்தால்தான் விலை. ஏழு மில்லிமீட்டர் பருமனுள்ள பச்சைக் காய்க்கு 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு' என்று பெயரே உண்டு. வெளுத்துப் போனால் அதே காய், அதே மணம், ஆனால் விலை கீழே.

நான் போன ஸ்டோர் மூன்று ஏக்கர் வைத்திருந்த ஒரு சிறு தோட்டக்காரருடையது. ஐம்பது வயதிருக்கும். என்னை "இஞ்சினியர் தம்பி" என்று கூப்பிட்டார். அவர் கவலையெல்லாம் விறகு. ஏலச்செடிக்கு நிழல் வேண்டும். நிழல் மரத்தை வெட்டினால்தான் விறகு. "காய் காய வைக்க மரத்தை வெட்டுறேன், மரம் போனா காயே இல்லை தம்பி" என்றார். இந்த ஒரு வரியில் ஏலமலையின் எரிபொருள் பிரச்சினை முழுவதும் இருக்கிறது.

நான் ஸ்டோரைச் சுற்றிப் பார்த்தேன். மேலே உள்ள திறப்புகளில் கையை வைத்தேன். வெதுவெதுப்பான காற்று தாராளமாக வெளியே போய்க்கொண்டிருந்தது. என் மூளையில் விளக்கு எரிந்தது. "ஐயா, காசு போட்டு வாங்கின சூடு எல்லாம் இந்த வழியாத்தான் போகுது. இதை மூடுங்க" என்றேன்.

அடுப்பு பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் இருந்தார். இருபத்தைந்து வருடமாகத் தீ போடுகிறவர். அவர் மட்டும் தயங்கினார். "மூச்சு விடாம அது எப்படித் தம்பி காயும்?" என்று கேட்டார். நான் சிரித்தேன். வெப்பவியலில் நான் எடுத்த மார்க் அவருக்குத் தெரியாதல்லவா!

திறப்புகளைச் சாக்கு வைத்து அடைத்தோம். அன்று 400 கிலோ பச்சைக்காய் ஏற்றியிருந்தார்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு வெப்பமானி 50 டிகிரி காட்டியது. விறகோ வழக்கத்தில் பாதிதான் போயிருந்தது. நான் பெருமையோடு போய்ப் படுத்தேன்.

காலையில் கதவைத் திறந்ததும் முகத்தில் ஆவி அடித்தது. கூரைத் தகரத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தட்டுகளில் விழுந்துகொண்டிருந்தது. காய் பச்சை நிறம் போய்ப் பழுப்பேறி இருந்தது. பெரியவர் ஒரு காயை எடுத்து நசுக்கிப் பார்த்தார். "காயப் போடச் சொன்னா அவிச்சுட்டோமே" என்றார். 'அவிச்சுட்டீங்களே' என்று சொல்லவில்லை, 'அவிச்சுட்டோமே' என்றார். அந்தப் பெருந்தன்மை இன்னும் என்னைக் குத்துகிறது.

பிறகு திறப்புகளைத் திறந்து காய வைத்தோம். காய்ந்தது. ஆனால் ஏலத்தில் வியாபாரிகள் தட்டைப் பார்த்ததுமே தள்ளிவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு விலை போயிற்று. அந்த எடுப்பு விற்று வரும் பணத்தில்தான் அவர் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதாக இருந்தார். அந்தப் பெண் அப்போது முதல் வருடம். கட்டணத்தை அவர் வட்டிக்கு வாங்கிக் கட்டினார்.

நான் சம்பளத்திலிருந்து மாதாமாதம் தருகிறேன் என்றேன். அவர் வாங்கவில்லை. "காசு வாங்கிட்டா நீங்க மறந்துருவீங்க தம்பி. ஏன் இப்படி ஆச்சுன்னு காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டு வந்து சொல்லுங்க" என்றார். நண்பர்களே, எனக்கு யாரும் வைத்ததிலேயே கஷ்டமான பரீட்சை அதுதான்.

பெரியவர் சொன்னதன் கணக்கு

திரும்பி வந்து பழைய நோட்டுகளைப் புரட்டினேன். விடை அதிலேயே இருந்தது. மார்க் வாங்குவதற்காகப் படித்ததால் கண்ணில் படவில்லை.

ஒரு பொருள் காய வேண்டுமானால் இரண்டு காரியம் நடக்க வேண்டும். தண்ணீரை ஆவியாக்கச் சூடு வேண்டும். அந்த ஆவியைத் தூக்கிக்கொண்டு போகக் காற்று வேண்டும். சூடு கூலி என்றால், காற்று வண்டி. கூலி கொடுத்துவிட்டு வண்டியை நிறுத்தினால் சரக்கு எப்படிப் போகும்? நான் அதைத்தான் செய்தேன்.

மாணவர்கள் ஒரு நிமிடம் கணக்குப் போடுங்கள். வெளிக்காற்று 25 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ காற்றில் ஏறக்குறைய 14 கிராம் ஈரம் ஏற்கெனவே இருக்கிறது. இந்தக் காற்றை 50 டிகிரிக்குச் சூடாக்க 26 கிலோ ஜூல் போல ஆகும். சூடாக்கியதும் அதன் ஈரப்பதம் 18 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதாவது காற்றுக்குத் தாகம் எடுக்கிறது. இப்போது ஈரக் காய்களின் ஊடே போகும்போது தண்ணீரைக் குடிக்கும், குடிக்கக் குடிக்கக் குளிரும். வயிறு முட்டக் குடித்தால் 27 டிகிரிக்கு வந்து நின்றுவிடும். அதுவரை குடித்தது 9 கிராம். அவ்வளவுதான் அதன் கொள்ளளவு.

அந்தக் காற்று 30 டிகிரியில் வெளியே போனால் 8 கிராம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு கிலோ தண்ணீருக்கு நாம் கொடுத்த கூலி 3.2 மெகா ஜூல். அதே காற்று 40 டிகிரியில் வெளியே போனால் தூக்கியது 4 கிராம்தான். கூலி 6.4 மெகா ஜூல், இரண்டு மடங்கு! தண்ணீர் ஆவியாவதற்கு இயற்கை கேட்பது கிலோவுக்கு 2.4 மெகா ஜூல்தான். மற்றதெல்லாம் நம் தண்டச் செலவு.

ஆக, எத்தனை டிகிரி சூடு போட்டோம் என்பது முக்கியமில்லை. வெளியே போகிற காற்று பசியோடு போகிறதா, வயிறு நிறைந்து போகிறதா என்பதுதான் முக்கியம். நான் திறப்பில் கையை வைத்துச் சூட்டை மட்டும் பார்த்தேன். அந்தக் காற்றில் ஈரம் எவ்வளவு என்று பார்க்கவில்லை. உள்ளே இருந்த வெப்பமானி 50 காட்டியதும் எல்லாம் சரி என்று நினைத்தேன். இட்லிப் பானைக்குள் வெப்பமானி வைத்தாலும் நல்ல சூடுதான் காட்டும். அதற்காக இட்லி காய்ந்துவிடுமா?

இரண்டு இரவுகள்

ஒரு மாதம் கழித்து அடுத்த எடுப்புக்கு மீண்டும் போனேன். இந்த முறை கையில் இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காற்றின் பசியைச் சொல்லிவிடும். பெரியவரோடு அடுப்புப் பக்கத்தில் இரண்டு இரவு உட்கார்ந்தேன். வரக்காப்பி, பீடிப் புகை, மழைச் சத்தம். மணிக்கு ஒரு முறை ஏணியில் ஏறித் திறப்பில் அளந்தேன்.

முதல் ஆறு மணி நேரம், காய் நனைந்திருக்கும்போது, வெளியேறும் காற்று 34 டிகிரி, ஈரக் குமிழ் 31. காற்று ஏறக்குறைய நிறைந்து போகிறது. இந்த நேரத்தில்தான் திறப்பு முழுவதும் திறந்திருக்க வேண்டும். இந்த நேரத்தில்தான் நான் அடைத்தேன்!

பதினெட்டாவது மணி நேரத்தில் அதே திறப்பில் 46 டிகிரி, ஈரக் குமிழ் 28. காயின் மேல்பரப்பு உலர்ந்துவிட்டது. உள்ளே இருக்கும் ஈரம் தோலைத் தாண்டி வெளியே வர நேரம் எடுக்கிறது. அவசரப்படுத்தினால் வராது. காற்று குடிக்க ஒன்றும் கிடைக்காமல் பசியோடே வெளியே போகிறது. 25 டிகிரியிலிருந்து 50 வரை சூடாக்கிய காற்றை 46-இல் வெளியே விட்டால், கொடுத்த சூட்டில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் வானத்துக்குப் போகிறது. இப்போதுதான் திறப்பை முக்கால்வாசி மூட வேண்டும். உள்ளே இருக்கும் காற்றையே மறுபடி மறுபடி சுற்ற விட வேண்டும்.

மூடச் சொன்ன யோசனை தப்பில்லை, மூடிய நேரம்தான் தப்பு. சோறு வடிக்கத் தெரிந்த எந்தப் பெண்மணிக்கும் இது தெரியும். கொதிக்கும்போது மூடியை அழுத்தி மூடினால் பொங்கி வழியும். வடித்த பிறகு மூடி தம்மில் வைத்தால் பூவாக இருக்கும்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். "முதல்ல நல்லா மூச்சு விடணும், கடைசியில மெதுவா விடணும். மனுசனுக்கும் அப்படித்தானே தம்பி" என்றார். என்னால் அதைவிடச் சுருக்கமாக இன்று வரை சொல்ல முடியவில்லை.

பத்தில் ஒன்பது எங்கே?

இரண்டாவது இரவு விறகை எடை போட்டோம். 400 கிலோ பச்சைக்காயில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். பத்து சதவீத ஈரத்துக்குக் காய வைத்தால் 89 கிலோ கிடைக்கும். மீதி 311 கிலோ ஆவியாகிப் போக வேண்டும். அதற்கு இயற்கை கேட்கும் கூலி 750 மெகா ஜூல் போல. நன்கு உலர்ந்த விறகு கிலோவுக்கு 15 மெகா ஜூல் தரும். அப்படியானால் 50 கிலோ விறகு போதும். நாங்கள் எரித்தது 520 கிலோ. ஐம்பது போதுமென்ற இடத்தில் ஐந்நூற்று இருபது! திறப்பு வழியே போனது ஒரு பகுதிதான். மீதியைத் தேடிப் போனோம்.

முதலில் விறகு. வெட்டிய சில வாரத்திலேயே எரித்தார்கள். அதில் பாதி எடை தண்ணீர். ஏலக்காயின் தண்ணீரை ஆவியாக்குவதற்கு முன்னால், விறகின் தண்ணீரை ஆவியாக்க அடுப்பு உழைக்கிறது. அப்படிப்பட்ட விறகு கிலோவுக்கு 8 மெகா ஜூல்தான் தரும். கோடையில் வெட்டி, பிளந்து, கூரைக்கடியில் காற்றாட அடுக்கி வைத்தால் அதே மரம் கிலோவுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சூடு தரும். இதற்குச் செலவு என்ன? ஒரு தகரக் கொட்டகையும் ஆறு மாதப் பொறுமையும்.

அடுத்தது புகைபோக்கி. அடுப்புக்குக் கதவே இல்லை. வேண்டாத காற்றெல்லாம் உள்ளே புகுந்து, சூட்டை இழுத்துக்கொண்டு புகைபோக்கியில் ஓடியது. ஊர்ப் பட்டறையில் ஒரு இரும்புக் கதவும், புகைபோக்கிக்குள் திருப்பி மூடும் ஒரு தட்டும் செய்து போட்டோம். தீ பிடிக்கும் வரை திறந்து வை, பிடித்ததும் குறை. அவ்வளவுதான்.

அப்புறம் கழுவிய தண்ணீர். காயைக் கழுவி அப்படியே சொட்டச் சொட்டத் தட்டில் கொட்டினார்கள். ஈரத் துணியைப் பிழியாமல் இஸ்திரி போடுவோமா? கையால் பிழிய முடிந்த தண்ணீரைக் காசு கொடுத்து ஆவியாக்கக் கூடாது. ஒரு மணி நேரம் மூங்கில் தட்டியில் வடிய விட்டாலே போதும்.

தட்டில் பரப்புவதிலும் கோளாறு இருந்தது. ஒரு பக்கம் குவியல், ஒரு பக்கம் வெறும் வலை. காற்று புத்திசாலி, சுலபமான வழியில்தான் போகும். வெறும் வலை வழியாகப் பசியோடு போய்விடும். ஒரே சீராகப் பரப்ப வேண்டும்.

கடைசியாக, அளவுக்கு மீறிக் காய வைப்பது. பயத்தில் எல்லோரும் செய்வது இது. பத்து சதவீதத்தில் நிறுத்தினால் 89 கிலோ. ஆறு சதவீதம் வரை காய வைத்தால் 85 கிலோ. விறகையும் செலவழித்து, 4 கிலோ ஏலக்காயையும் ஆவியாக்கி வானத்துக்கு விற்றுவிட்டோம்! குலுக்கினால் விதை சலசலக்கும் சத்தத்தை வைத்துப் பெரியவர் கணித்துவிடுவார். அதோடு ஒரு சின்னத் தராசையும் சேர்த்தோம். குறித்து வைத்த ஒரு தட்டை மட்டும் அவ்வப்போது எடை போட்டால், எப்போது நிறுத்துவது என்று அதுவே சொல்லிவிடும்.

இதில் எதுவும் பெரிய தொழில்நுட்பம் இல்லை. இரண்டு பருவம் கழித்து அதே 400 கிலோ காய்க்கு 300 கிலோ விறகு ஆயிற்று. நிறம் முன்னைவிட நன்றாகவே வந்தது. அப்போதும் ஆறில் ஒரு பங்குச் சூடுதான் உருப்படியாகப் பயன்பட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரொம்பப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

"ஐயா, அன்னைக்கு நான் பண்ணின நஷ்டத்தை இந்த விறகு மிச்சம் ஈடுகட்டிருச்சா?" என்று தோட்டக்காரரிடம் ஒரு நாள் கேட்டேன். "அசலைக் கட்டிருச்சு தம்பி. வட்டியைக் கட்டலை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை.

மற்ற ஊர்கள், மற்ற வழிகள்

அதற்குப் பிறகு எங்கே போனாலும் இந்த இரண்டு வெப்பமானிகளும் என் பெட்டியில் இருந்தன. பார்த்ததில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

மகாராஷ்டிரத்தில் சாங்கிலி, தாஸ்காவ் பக்கம் திராட்சையை உலர்த்துகிறார்கள். திராட்சைத் தோலில் மெழுகு பூச்சு இருக்கிறது. ஈரத்தை வெளியே விடாது. பொட்டாசியம் கார்பனேட்டும் எத்தில் ஓலியேட்டும் கலந்த கரைசலில் பழத்தை முக்கி எடுத்து, நிழல் பந்தலில் காற்றில் பரப்புகிறார்கள். மெழுகு வழி விடுகிறது. வாரக்கணக்கில் ஆகவேண்டியது சீக்கிரம் முடிகிறது. விறகே இல்லை. சூட்டைக் கூட்டுவதற்கு முன்னால் ஈரத்துக்குக் கதவைத் திறந்துவிடு என்பது இதில் பாடம்.

சிக்கிமில் பெரிய ஏலக்காயை 'பட்டி' என்னும் அடுப்பின் மேல் நேராகப் புகையில் காய வைப்பார்கள். காய் கறுத்து, புகை மணம் ஏறிவிடும். டெல்லியில் உள்ள டெரி நிறுவனம் அங்கே விறகை வாயுவாக்கி எரிக்கும் கருவியை அறிமுகப்படுத்தியது. விறகும் மிச்சம், காயின் இயற்கையான செந்நிறமும் மிச்சம். எரிபொருள் சிக்கனமும் சரக்கின் தரமும் எதிரிகள் இல்லை என்று நான் நம்ப ஆரம்பித்தது இதைக் கேள்விப்பட்ட பிறகுதான்.

ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழகத்தில் சூரியச் சுரங்க உலர்த்தி ஒன்றை வடிவமைத்தார்கள். நீளமான பிளாஸ்டிக் கூடாரம். பாதியில் காற்று சூடாகும், மீதியில் பழம் காயும். காற்றைத் தள்ளும் சின்ன விசிறிக்குச் சூரிய மின்தகடு. வெயில் ஏறினால் விசிறி தானே வேகமாகச் சுற்றும், வெயில் இறங்கினால் தானே மெதுவாகும். நம் பெரியவர் இருபத்தைந்து வருடத்தில் கற்றதை ஒரு தகடு செய்கிறது.

இப்போது வெப்ப எக்கி உலர்த்திகள் வந்திருக்கின்றன. நம் வீட்டு ஏ.சி. மாதிரிதான். வெளியே போகிற ஈரக் காற்றைக் குளிர்வித்து, ஈரத்தைத் தண்ணீராகச் சொட்ட வைத்து, அது விட்டுக்கொடுக்கும் வெப்பத்தையே திரும்ப எடுத்து அதே காற்றைச் சூடாக்கி உள்ளே அனுப்புகிறது. வெறும் மின்கம்பிச் சூட்டில் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு திறமையாகச் செய்தாலும் ஒன்றரை கிலோ தண்ணீரைத் தாண்ட முடியாது. நடைமுறையில் ஒரு கிலோவே அபூர்வம். நல்ல வெப்ப எக்கியில் இரண்டு, மூன்று கிலோ வரை எடுக்கலாம். 1992-இல் சாக்கு வைத்து நான் செய்ய நினைத்ததும் இதுதான், வெளியே போகும் சூட்டைப் பிடிப்பது. ஈரத்தை விட்டுவிட்டுச் சூட்டை மட்டும் பிடிக்க வேண்டும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. கருவியின் விலைதான் சிறு தோட்டக்காரருக்கு இன்னும் எட்டாமல் இருக்கிறது. இன்றைய மாணவர்களுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது.

இன்றைய மாணவர்களுக்கு

தம்பிகளே, தங்கைகளே, அறிவுரை சொல்லும் வயது எனக்கு வந்துவிட்டது, தலையைப் பார்த்தாலே தெரியும். இரண்டே விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, அளந்து பாருங்கள். எது உள்ளே போகிறது என்பதை எல்லோரும் அளப்பார்கள். எது வெளியே போகிறது என்பதை அளப்பவன்தான் இஞ்சினியர். இரண்டு வெப்பமானி, ஒரு துண்டு ஈரத் துணி, ஒரு தராசு. நாற்பது வருடத்துக்கு முன்னால் நம் கல்லூரி லேப்பில் இருந்த அதே சாமான்கள்தான். புராஜெக்ட் எங்கே செய்வது என்று தேடுகிறவர்கள், பக்கத்தில் ஒரு கொப்பரைக் களமோ மிளகாய்க் களமோ இருக்கிறதா என்று பாருங்கள். பகலில் போட்டோ எடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஒரு இரவு அங்கே தங்குங்கள்.

இரண்டாவது, கேளுங்கள். அடுப்படியில் இருபத்தைந்து வருடம் உட்கார்ந்தவர் "எப்படித் தம்பி காயும்?" என்று கேட்டால், அது கேள்வி இல்லை, விடை. அவர் நம் பாஷையில் சொல்லாததால் நமக்கு விடையாகத் தெரிவதில்லை. அன்று ஒரே ஒரு நிமிடம் நின்று, "ஏன் ஐயா அப்படிச் சொல்றீங்க?" என்று நான் திருப்பிக் கேட்டிருந்தால், ஒரு பெண்ணின் படிப்புக்கு அவள் அப்பா வட்டி கட்டியிருக்க வேண்டியதில்லை.

பெரியவர் இப்போது இல்லை. அந்த ஸ்டோரில் விசிறி வைத்த புது உலர்த்தி வந்துவிட்டது. சில வருடங்களுக்கு முன் போயிருந்தபோது அந்தப் பெண்தான் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். படிப்பை முடித்துவிட்டார். "அப்பா உங்களைப் பத்தி அடிக்கடி சொல்வாங்க" என்றார். என்ன சொல்வார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கிளம்பும்போது ஒரு பொட்டலம் ஏலக்காய் கொடுத்தார். நல்ல பச்சை.

அந்தப் பொட்டலத்திலிருந்து கொஞ்சம் கொண்டு வந்து இன்று நம் காண்டீன் டீயில் போடக் கொடுத்திருக்கிறேன். இந்த உரை பிடிக்காவிட்டாலும் டீயாவது பிடிக்கட்டும்.